நாஸ்காரில் ஜெயித்தவர் கொண்டாடுவது எப்படி, கேலரி என்ன நினைக்கிறது?

கேள்வி: "நாஸ்கார் பந்தயங்களை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஜெயித்ததும் ஏன் எல்லாரும் காரை ஒரே இடத்தில் சுழற்றிப் புகை கிளப்புகிறார்கள்? ஒருவர் எதிர்த்திசையில் ஒரு சுற்று போகிறார், இன்னொருவர் தர்பூசணியைப் போட்டு உடைக்கிறார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது? ரசிகர்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது?"

பதில்:

முதலில் அந்தக் காரையும் தடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாஸ்கார் என்பது அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயம். ஸ்டாக் கார், அதாவது சாலைக் காரின் தோற்றத்தில் பந்தயத்துக்காகக் கட்டிய கார், ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. திறக்கிற கதவே கிடையாது. ஓட்டுநர் இடதுபக்க ஜன்னல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதன் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பெரும்பாலான தடங்கள் ஓவல், ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாகத் திரும்பும். ரசிகர்கள் உட்காரும் கேலரி தடத்துக்கு வெளியே, அதாவது காரின் வலப்பக்கத்தில் இருக்கிறது. ஓட்டுநரோ இடப்பக்கம், ஹெல்மெட்டுக்குள், ஜன்னல் வலைக்குப் பின்னால். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவரை உற்சாகப்படுத்திக் கத்திய ரசிகர் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. கொண்டாட்டங்களில் நல்லவை எல்லாம் இந்த இடைவெளியைக் கடக்க யாரோ ஒருவர் யோசித்ததிலிருந்து வந்தவை என்பது என் கருத்து.

அப்படி யோசித்தவர் ஆலன் குல்விக்கி. விஸ்கான்சின்காரர், போலந்து வம்சாவளி, பொறியியல் படித்தவர். பெரிய டீம்களோடு சேராமல் சொந்தமாக டீம் வைத்து, தானே ஓட்டினார். 1988 நவம்பரில் ஃபீனிக்ஸில் முதல் வெற்றி கிடைத்தது. நேராகப் பரிசு மேடைக்குப் போகாமல் காரைத் திருப்பி, தடத்தை எதிர்த்திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றினார். எதிர்த்திசையில் போகும்போது இடதுபக்க ஜன்னல் கேலரிப் பக்கம் வந்துவிடும். அவர் ரசிகர்களைப் பார்க்கலாம், கை ஆட்டலாம், அவர்களும் அவரைப் பார்க்கலாம். ஒரு பொறியாளருக்குத் தோன்றக்கூடிய எளிய தீர்வு. தன் வம்சத்தின் பெயரால் 'போலிஷ் வெற்றிச் சுற்று' என்று அதை அழைத்தார்.

1992 சாம்பியன் பட்டத்தை பில் எலியட்டைவிட வெறும் 10 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று ஜெயித்தபோதும் அட்லாண்டாவில் அதே எதிர்ச்சுற்று. அந்தக் கடைசிப் பந்தயத்தில் தன் ஃபோர்டு தண்டர்பேர்டின் முன்பக்கத்தில் எழுதியிருந்த பெயரிலிருந்து முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு 'அண்டர்பேர்ட்' என்று ஓட்டினார். பணபலம் உள்ள டீம்களுக்கு நடுவில் தன்னை யாரும் பெரிதாக நினைக்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஐந்து மாதம்கூட அவர் இருக்கவில்லை. 1993 ஏப்ரல் 1-ஆம் தேதி பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். அவருடைய டீமின் பெரிய லாரி மட்டும் பிரிஸ்டல் தடத்தில் மெதுவாகச் சுற்றிவிட்டு, வாசல் வழியாக வெளியேறி வீட்டுக்குத் திரும்பியது. அந்த வாரப் பந்தயத்தை ரஸ்டி வாலஸ் ஜெயித்தார். அவர் காரைத் திருப்பி குல்விக்கியின் எதிர்ச்சுற்றைச் சுற்றினார். அதே வருடம் ஜூலையில் சக ஓட்டுநர் டேவி ஆலிசனும் ஹெலிகாப்டர் விபத்தில் போய்விட்டார். நவம்பரில் அட்லாண்டாவில் கடைசிப் பந்தயம். ஜெயித்தவர் ரஸ்டி வாலஸ், சாம்பியன் டேல் எர்ன்ஹார்ட். வருடம் முழுக்க முட்டிக்கொண்ட இரண்டு பேர், பக்கத்தில் பக்கத்தில் காரை ஓட்டிக்கொண்டு, குல்விக்கியின் 7, ஆலிசனின் 28 என்ற எண்கள் பொறித்த கொடிகளை ஜன்னலில் பிடித்தபடி, எதிர்த்திசையில் ஒரு சுற்று போனார்கள். அன்றிலிருந்து எதிர்ச்சுற்று வெறும் கொண்டாட்டமாக மட்டும் இல்லை. பெரும்பாலான ரசிகர்களின் மனதில் அது மரியாதை.

சரி, நீங்கள் கேட்ட புகைக்கு வருவோம். அதன் பெயர் பர்ன்அவுட், செய்முறை எளியது. முன் சக்கரங்களைப் பிரேக்கில் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழலும், ரப்பர் சூடேறிப் புகையும். ஸ்டியரிங்கையும் ஒடித்தால் கார் வட்டமடிக்கும், அதுதான் டோனட். அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கியதில் பெரும்பங்கு 1990-களின் பிற்பகுதியில் கார்ட் என்ற வேறொரு கார் பந்தயத் தொடரில் ஓட்டிய இத்தாலிக்காரர் அலெக்ஸ் ஜனார்டிக்கு உண்டு. அதற்கு முன் ஸ்டாக் கார் உலகில் ஜெயித்தவர் முடிவைக் காட்டும் கட்டம் போட்ட கொடியை வாங்கி, கை ஆட்டி, விக்டரி லேன் என்கிற பரிசு மேடைக்குக் காரைக் கொண்டுபோய் நிறுத்துவதோடு சரி. அங்கே கோப்பை, பேட்டி, ஒவ்வொரு ஸ்பான்சர் பெயர் போட்ட தொப்பியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் புகைப்படம். அந்தத் தொப்பிச் சடங்கு இன்றும் அப்படியே நடக்கிறது.

நாஸ்காரில் டோனட்டுக்கு உயிர் கொடுத்த காட்சி என்றால் நான் 1998 பிப்ரவரி 15-ஐத்தான் சொல்வேன். நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500. டேல் எர்ன்ஹார்ட் அதற்குள் 7 முறை சாம்பியன். டேட்டோனாவில் மற்ற பந்தயங்கள் எத்தனையோ ஜெயித்திருக்கிறார், இந்த ஒன்று மட்டும் 19 முறையும் கை நழுவிப் போனது. ஒரு தடவை கடைசிச் சுற்றில் டயர் வெடித்துப் போனது. 20-ஆவது முயற்சியில் ஜெயித்தார். அவர் பிட் ரோடுக்குள், அதாவது டீம்கள் கார்களுக்கு டயர் மாற்றும் ஓரப் பாதைக்குள், நுழைந்தபோது எல்லா டீம்களின் ஆட்களும், அன்றைக்கு அவரிடம் தோற்ற டீம்கள் உட்பட, ஓரமாக வரிசையில் வந்து நின்றார்கள். அவர் காரை நடை வேகத்தில் உருட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஒவ்வொரு கையாகத் தட்டிக்கொண்டே போனார். அப்புறம் தடத்துக்கும் பிட் ரோடுக்கும் நடுவிலுள்ள புல்வெளியில் காரை இறக்கிச் சுழற்றினார். புல்லைப் பிய்த்துக்கொண்டு போன டயர்த் தடம் அவருடைய எண்ணான 3 போல இருந்தது. அவரைப் பிடிக்காத ரசிகர்கள் ஏராளம், பந்தயத்துக்குப் பந்தயம் ஊளையிட்டவர்கள். அன்றைக்கு ஊளை கேட்கவில்லை.

இன்று பர்ன்அவுட் வாரா வாரம் நடக்கிறது, ரசிகர்களின் குறையும் அதுவே. ஆண்டுக்கு 36 பந்தயம், கிட்டத்தட்ட 36 புகைமூட்டம். பழைய ரசிகர்கள் பலர் "காரை மதிக்கத் தெரியாதவர்கள்" என்று கோபப்படுவார்கள். டயர் வெடித்து, அதன் கந்தல் பின்பக்கத் தகட்டைக் கிழித்து, கார் மேடைக்கு வரும்போது நொறுங்கிப் போயிருக்கும்.

இதில் ஒரு நேர்மைப் பிரச்சினையும் உண்டு. ஜெயித்த காரைப் பந்தயம் முடிந்ததும் அளந்து பார்ப்பார்கள், விதிக்கு உட்பட்டதா என்று. பின்பக்கமே உடைந்திருந்தால் எதை அளப்பது? 2011-இல் டல்லடேகாவில், ஜெயித்தால் காரின் பின்பக்கத்தை உடைத்துவிடு என்று ஜிம்மி ஜான்சனிடம் அவருடைய தலைமை மெக்கானிக் சாட் க்னாஸ் பந்தயத்துக்கு முன்பு சொன்னது காரிலிருந்த ஒளிப்பதிவில் பதிவாகிவிட்டது. அன்றைக்கு அவர்கள் ஜெயிக்கவில்லை, தண்டனையும் வரவில்லை. 2017-இல் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரே, ஜெயித்தவர்கள் டயரை வெடிக்கவிட்டுக் காரின் பின்பக்கத்தைச் சிதைப்பதை வெளிப்படையாகக் குறை சொன்னார். இளைய ரசிகர்களோ, புகை இல்லாவிட்டால் என்ன வெற்றி என்பார்கள். என்னைக் கேட்டால், புகை கிளப்பட்டும், டயர் வெடிக்கும் முன் நிறுத்தட்டும். கார் முழுசாக மேடைக்கு வருவதில் ஒரு அழகு இருக்கிறது. கேலரியில் இருக்கும் ஒரு சிறுவன் அந்தக் காரின் பொம்மையை வீட்டில் வைத்திருப்பான்.

தனி முத்திரை வைத்திருப்பவர்கள் விஷயம் வேறு. கார்ல் எட்வர்ட்ஸ் ஓட்டிய காலத்தில், ஜெயித்தால் ஜன்னல் விளிம்பில் ஏறி நின்று பின்பக்கமாக ஒரு பல்டி அடித்துத் தார்த்தடத்தில் இறங்குவார். 2005 மார்ச்சில் அட்லாண்டாவில் ஜிம்மி ஜான்சனை 0.028 வினாடியில் முந்தி முதல் பெரிய வெற்றி பெற்றபோதும் அடித்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் அனலில் உட்கார்ந்து நீர் வற்றிப்போன உடம்போடு அதைச் செய்வது சாதாரணமில்லை. கேலரியில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், அவர் கால் ஊன்றும்வரை. அதே வருட ஜூலையில் டேட்டோனாவில் டோனி ஸ்டூவர்ட் வேலிக் கம்பியில் ஏறினார். அது இண்டி கார் வீரர் எலியோ காஸ்ட்ரோநெவஸின் பாணி, காப்பி அடிக்கிறார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு மாதம் கழித்து இண்டியானாபொலிஸில், தன் சொந்த மாநிலத்தில், சின்ன வயதிலிருந்து கனவு கண்ட தடத்தில் ஜெயித்து அவர் வேலியில் ஏறியபோது அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

இண்டியானாபொலிஸ் என்றதும் செங்கல் முத்தத்தைச் சொல்லியாக வேண்டும். 1909-இல் தடம் முழுவதும் செங்கல் பாவினார்கள், இப்போது முடிவுக் கோட்டில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் அது மிச்சம் இருக்கிறது. 1996-இல் அங்கே ஜெயித்த டேல் ஜாரட்டும் அவருடைய தலைமை மெக்கானிக் டாட் பாரட்டும் மண்டியிட்டு அந்தச் செங்கல்லை முத்தமிட்டார்கள். அதே தடத்தில் நடக்கும் பழம்பெருமை மிக்க இண்டி 500 பந்தயத்தை ஜெயித்தவர்களே பிறகு அதைப் பின்பற்ற ஆரம்பித்தார்கள். ஸ்டாக் கார்க்காரர்கள் கொடுத்துப் போன வழக்கம்.

தர்பூசணிக்காரர் ராஸ் சாஸ்டெய்ன். ஃப்ளோரிடாவில் எட்டு தலைமுறையாகத் தர்பூசணி பயிரிடும் குடும்பம். 2022 மார்ச்சில் டெக்ஸஸின் ஆஸ்டின் தடத்தில் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் தொடரில் முதல் வெற்றி, காரின் கூரைமேல் ஏறி நின்று பழத்தை ஓங்கி அடித்தார். சிதறிய துண்டைக் கையில் எடுத்துத் தின்றார். அவர் ஓட்டும் விதத்தைப் பிடிக்காதவர்கள்கூட இந்தக் கொண்டாட்டத்தைக் குறை சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை. தன் வீட்டுத் தொழிலை மேடையில் ஏற்றி நிறுத்துகிறார், கிராமத்து ரசிகருக்கு அது உடனே புரியும். நியூசிலாந்துக்காரர் ஷேன் வான் கிஸ்பர்கன் ரக்பி பந்தைக் கேலரிக்குள் உதைப்பதும் அப்படித்தான், தன் ஊரைக் கூடவே கொண்டுவருகிறார். பந்தைப் பிடித்த ரசிகர் வீட்டுக்கு எடுத்துப் போவார்.

கைல் புஷ் 2009-இல் நாஷ்வில்லில் செய்ததுதான் இன்றுவரை சண்டை மூட்டும். அந்தத் தடத்தின் கோப்பை ஒரு கிதார், சாம் பாஸ் என்ற ஓவியர் கையால் வண்ணம் தீட்டியது. இசைக்குப் பேர்போன ஊர். புஷ் அதைத் தரையில் ஓங்கி அடித்து உடைக்கப் பார்த்தார். துண்டுகளை டீம் ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்காக என்று விளக்கம் சொன்னார். ராக் இசைக்காரர்கள் மேடையில் செய்வதுதானே என்று அவருடைய ரசிகர்கள் வாதாடினார்கள். நான் இதில் எதிர்த்தரப்பு. ஒருவர் உட்கார்ந்து வரைந்து கொடுத்த பொருள் அது. மார்ட்டின்ஸ்வில்லில் 1964 முதல் ஆள் உயரப் பெண்டுலக் கடிகாரம் பரிசு, ஓட்டுநர்கள் அதை வரவேற்பறையில் வைத்துப் பேரப்பிள்ளைக்குக் காட்டுகிறார்கள். பரிசு ஒவ்வொரு ஊரின் கைவேலை, அதை அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே புஷ்ஷின் இன்னொரு பழக்கம் எனக்குப் பிடிக்கும். கேலரி முழுக்க ஊளையிடும்போது, கட்டம் போட்ட கொடியைக் கையில் வைத்துக்கொண்டு, நாடக நடிகரைப் போல இடுப்பு வளைத்து வணங்குவார். ஊளையிடுபவர்களும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள்தான் என்று அவருக்குத் தெரியும். டென்னி ஹாம்லின் 2023-இல் பிரிஸ்டலில் ஜெயித்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த ஓட்டுநரைத்தான் தோற்கடித்தேன், அத்தனை பேரையும், என்று மைக்கில் சொன்னார். சத்தம் இரண்டு மடங்காயிற்று. நாஸ்காரில் ஊளை வெறுப்பின் அடையாளம் மட்டுமே இல்லை. யாரும் ஊளையிடாத ஓட்டுநரை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

எல்லை தாண்டிய சமயங்களும் உண்டு. 2007 ஏப்ரலில் ஜெஃப் கார்டன் ஃபீனிக்ஸில் ஜெயித்து, டேல் எர்ன்ஹார்ட்டின் 76 வெற்றிகளைச் சமன் செய்தார். எர்ன்ஹார்ட் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கார்டன் 3 என்ற எண் போட்ட பெரிய கொடியைப் பிடித்துக்கொண்டு தடத்தைச் சுற்றினார். மனசார நன்றி சொன்னவர்களும் இருந்தார்கள், "அந்தக் கொடியைத் தொட உனக்கு என்ன உரிமை" என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரமே டல்லடேகாவில் 77-ஆவது வெற்றி. அன்று ஏப்ரல் 29, எர்ன்ஹார்ட்டின் பிறந்தநாள். கேலரியிலிருந்து பீர் டின்கள் தடத்தில் வந்து விழுந்தன. எர்ன்ஹார்ட்மேல் வைத்த பாசம் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1995-இல் கார்டன் முதல் தடவை சாம்பியன் ஆனபோது, இந்தப் பையனுக்கு ஷாம்பெயினுக்குப் பதில் பால்தான் ஊற்ற வேண்டும் என்று எர்ன்ஹார்ட் சீண்டினார். விருது விழாவில் கார்டன் பால் கோப்பையை உயர்த்தி எர்ன்ஹார்ட்டை வாழ்த்தினார். அவர்கள் இருவருக்குள் இருந்த மரியாதை டின் எறிந்தவர்களுக்குத் தெரியாமல் போனது.

ரசிகர் ஆதரவு என்பது எங்கிருந்தும் வரும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் ஒன்று. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார், மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த முதல் பந்தயத்தில் 13-ஆவது. வெற்றி ஏதும் இல்லை, ஆனால் அந்த வருட ரசிகர் வாக்கெடுப்பில் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்வானார்.

கொண்டாட்டம் மறுக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் விக்டரி லேனைப் பார்க்கக்கூடாது. வெண்டல் ஸ்காட், கறுப்பினத்தவர், தன் காரைத் தானே பழுது பார்த்து ஓட்டியவர். 1963 டிசம்பர் 1-ஆம் தேதி ஜாக்சன்வில்லில் மற்றவர்களைவிட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். கொடி அவருக்கு விழவில்லை. பக் பேக்கர் என்பவரை ஜெயித்தவராக அறிவித்து, கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டமெல்லாம் கலைந்துபோன பிறகு, கணக்கில் தவறு, ஜெயித்தது நீங்கள்தான் என்றார்கள். அந்தக் காலத்தில் ஜெயித்தவருக்கு அழகிப் பட்டம் வென்ற பெண் மேடையில் முத்தமிடுவது வழக்கம். வெள்ளைக்காரப் பெண் கறுப்பின ஓட்டுநரை முத்தமிடும் காட்சியைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தார்கள் என்று ஸ்காட் நம்பினார். 1990-இல் அவர் இறந்தார். அந்தக் கோப்பைக்கு ஈடான ஒன்று 2021 ஆகஸ்டில் டேட்டோனாவில் அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதே வருட அக்டோபரில் டல்லடேகாவில் மழையால் பாதியில் நின்ற பந்தயத்தில் பப்பா வாலஸ் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு கப் தொடரில் ஜெயித்த முதல் கறுப்பின ஓட்டுநர். அவர் அழுதார், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் அழுதார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. 2025 ஆகஸ்டில் வாட்கின்ஸ் கிளென்னில் 19 வயது கானர் ஜிலிஷ் ஜெயித்தார். விக்டரி லேனில் கார் மேல் ஏறும்போது கால் வழுக்கி, தார்த்தரையில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அடுத்து டேட்டோனாவில் பந்தயத்தைத் தொடங்கிவிட்டு, நடுவில் காரை பார்க்கர் கிளிகர்மனிடம் கொடுத்தார். கிளிகர்மன் ஜெயித்துக் கொடுத்தார். தொடங்கியவருக்கே வெற்றி என்பது விதி, அதனால் கணக்கில் அது ஜிலிஷின் வெற்றி.

கேலரி இல்லாவிட்டால் கொண்டாட்டம் எப்படி இருக்கும் என்பதை 2020 மே 17-இல் பார்த்தோம். கொரோனாவுக்குப் பிறகு டார்லிங்டனில் முதல் பந்தயம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. கெவின் ஹார்விக் ஜெயித்தார். அது அவருக்கு 50-ஆவது வெற்றி. காரிலிருந்து இறங்கி நின்றார், எதிரே ஆயிரக்கணக்கான காலி இருக்கைகள். எந்தச் சத்தமும் இல்லை. விசித்திரமாக இருக்கிறது என்று அவரே பேட்டியில் சொன்னார்.

நீங்கள் புதிதாகப் பார்ப்பவர் என்பதால் கடைசியாக ஒன்று சொல்கிறேன், இதே ஹார்விக்கின் முதல் வெற்றியைத் தேடிப் பாருங்கள். 2001 பிப்ரவரி 18-இல் டேட்டோனாவின் கடைசிச் சுற்றில் எர்ன்ஹார்ட் இறந்தார். அவருடைய காருக்கு வெள்ளை வண்ணம் அடித்து, எண்ணை 29 ஆக்கி, 25 வயது ஹார்விக்கை உட்கார வைத்தார்கள். மூன்றாவது பந்தயத்திலேயே, மார்ச் 11, அட்லாண்டாவில் ஜெஃப் கார்டனை 0.006 வினாடியில் முந்திவிட்டார். டயர் புகைய, காரைத் திருப்பி, குல்விக்கி போன அதே எதிர்த்திசையில், இடதுபக்க ஜன்னல் வழியாக, எர்ன்ஹார்ட்டின் 3 என்ற எண்ணுக்காக, மூன்று விரல்களை நீட்டியபடி கேலரி ஓரமாகப் போனார். கேலரியிலும் எங்கு பார்த்தாலும் மூன்று விரல்கள். 2018-இல் அதே அட்லாண்டாவில் மறுபடி ஜெயித்தபோது அவருக்கு 42 வயது. காரைத் திருப்பினார், ஜன்னல் வலையை இறக்கினார், மூன்று விரல்களை வெளியே நீட்டினார்.